படுத்துக்கொண்டு கை நீட்டிப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் நவீன படுக்கையறைகளைப் பற்றி வந்த பக்கங்களைப் படித்தேன். கட்டில் பக்கத்தில் வைக்கும் சைடு டேபிள்களே ஏழெட்டு விதம் போட்டிருந்தீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் பளிங்கு மேசை, பிரம்பு வலைக் கதவு வைத்தது, சுவரில் தொங்குவது, கண்ணாடி வட்டம் என்று படங்கள் எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் ஒரு படத்தின் கீழாவது உயரம் எத்தனை அங்குலம், மேற்பலகை என்ன பொருள், டிராயர் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி கூட இல்லை. பெங்களூரில் வீட்டு இன்டீரியர் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய குழுவில் மேற்பார்வை பார்க்கிறேன். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, “இதே மாதிரி வேணும்” என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்கள் ஹலசூரிலும் ஹொரமாவிலும் ஒயிட்ஃபீல்டிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சைடு டேபிள் தனித்துத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை, அறையில் நாம் துணிந்து வித்தியாசமாக ஒன்றை வைக்க முடிகிற இடமே அதுதான். ஆனால் அதை வாசலில் நின்று பார்க்கிற கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுக்க வேண்டியது இருட்டில் படுத்திருக்கிற கைக்காக. அந்தக் கைக்குச் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு நிறம், வடிவம், கல், மரம் என்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

எங்களோடு வேலை செய்யும் நாகர்கோவில் ஆசாரி ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். டேப்பை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரைக் கட்டிலில் படுக்கச் சொல்வார். போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில், அந்த அம்மா கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். “உட்காந்தா ஆகாதும்மா, நீங்க தூங்குற மாதிரியே தலகாணி வச்சுப் படுங்க. கண்ண மூடிக்கிட்டு தண்ணிச் சொம்ப எடுக்குற மாதிரி கைய நீட்டுங்க” என்றார். அவர் நீட்டினார். முழங்கை மெத்தை விளிம்பில் ஊன்றியிருக்க, உள்ளங்கை தானாகப் போய் நின்ற இடத்துக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார் ஆசாரி. அப்புறம் அவருடைய கணவரை மறுபக்கம் படுக்க வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒரே உயரத்தில் வரவில்லை. அவர் இரண்டு தலையணை வைப்பவர், அந்த அம்மா தலையணையே இல்லாமல் படுப்பவர். கட்டிலும் மெத்தையும் ஒன்றுதான், உயரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது.

பொதுவாகச் சொன்னால், மேசையின் மேற்பரப்பு மெத்தையின் மேற்பரப்புக்குச் சமமாகவோ அதைவிட இரண்டு அங்குலம் வரை உயரமாகவோ இருந்தால் கைக்குச் சுகம். தாழ்ந்து போனால் கையைத் தொங்கவிட்டுத் துழாவ வேண்டும், கண்ணாடி கீழே விழும். ரொம்ப உயர்ந்தால் புரண்டு படுக்கும்போது முழங்கை மூலையில் இடிக்கும். இதில் எங்கே தப்பு நடக்கிறது என்றால் மெத்தையில். கட்டிலின் பலகை தரையிலிருந்து 12 முதல் 14 அங்குலம் இருக்கும். அதன் மேல் பழைய 5 அங்குல, 6 அங்குல மெத்தை போட்டிருந்த காலத்தில் 18 அங்குல மேசை சரியாக இருந்தது. இப்போது 8 அங்குலம், 10 அங்குலம் என்று மெத்தை தடித்துக்கொண்டே போகிறது, ஆனால் கடையில் கிடைக்கும் ரெடிமேட் மேசைகள் பலவும் அதே 18, 20 அங்குலத்தில்தான் நிற்கின்றன. மெத்தையை மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் மெத்தை வரட்டும், மேசை அப்புறம்.

உயரத்துக்கு அடுத்தது அகலம். இங்கே பெங்களூரு வீடுகளின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் பெரிய படுக்கையறை என்று சொல்வதே பல இடங்களில் 11-க்கு 12 அடிதான். 11 அடிச் சுவர் என்றால் 132 அங்குலம். கிங் சைஸ் மெத்தை 72 அங்குலம், கட்டில் சட்டத்தோடு சேர்த்து 76. பக்கச் சுவரில் 24 அங்குல ஆழத்தில் வார்ட்ரோப் வந்துவிட்டால் மிச்சம் 32 அங்குலம். வார்ட்ரோப் கதவைத் திறந்து ஆள் நிற்கக் குறைந்தது 24 அங்குலமாவது விட வேண்டும், அப்படியென்றால் மறுபக்கம் இருப்பது வெறும் 8 அங்குலம். அதில் 18 அங்குல மேசை எங்கே போகும்? க்வீன் சைஸ் கட்டில் போட்டால் சட்டத்தோடு 64 அங்குலம், அப்போது ஒரு பக்கம் 28-ம் இன்னொரு பக்கம் 16-ம் கிடைக்கும். அந்த 16 அங்குலத்தில் 14 அங்குல மேசை ஒன்று சௌகரியமாக நிற்கும்.

இவ்வளவு தெளிவாகக் கணக்கு இருக்கும்போது, கட்டிலோடு ஜோடியாக ஒரே மாதிரி இரண்டு மேசை வாங்கியே ஆக வேண்டும் என்ற வழக்கத்தை விட்டால் என்ன? ஷோரூமில் செட்டாகத்தான் காட்டுவார்கள், செட்டாக வாங்கினால் தள்ளுபடி என்பார்கள். கல்யாணச் சீர்வரிசையில் கட்டிலும் இரண்டு சைடு டேபிளும் டிரெஸ்ஸிங் டேபிளும் ஒரே மைக்காவில் வந்து இறங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் நாம் பலரும், அதனால் இரண்டு பக்கமும் வேறுவேறாக இருந்தால் ஏதோ குறை மாதிரித் தோன்றுகிறது. குறை ஒன்றும் இல்லை. வார்ட்ரோப் பக்கம் மெலிந்த வட்ட மேசை, மறுபக்கம் டிராயர் வைத்த கனமான மேசை என்று வைத்த அறைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, ஒரு பொருளாவது, ஒரு மரமோ ஒரு பித்தளைக் குமிழோ, பொதுவாக இருந்துவிட்டால் கண்ணுக்கு அது ஜோடிதான்.

டிசைனர் மேசை என்று இன்று விற்கிற பலவற்றின் மூலத்தைத் தேடிப் போனால், அவையும் யாரோ ஒருவருடைய படுக்கையையோ அறையையோ மனதில் வைத்துப் பிறந்தவைதான் என்பது தெரியும். வட்டக் கண்ணாடி, குரோம் குழாய், ஒரு பக்கம் மட்டும் கால் என்று உங்கள் பக்கத்திலும் ஒன்று இருந்ததே, அதன் மூலம் ஐரிஷ் வடிவமைப்பாளர் ஐலீன் கிரே 1920-களில் பிரான்சின் தென்கரையில் தான் கட்டிய ஈ-1027 என்ற வீட்டுக்காகச் செய்த மேசை. படுக்கையிலேயே காலை உணவு சாப்பிடும் பழக்கமுள்ள தன் சகோதரிக்காக அதைச் செய்தார் என்று சொல்வார்கள். அதனால்தான் உயரத்தை ஏற்றி இறக்கலாம், அடிவளையம் கட்டிலுக்கு அடியில் நுழையும், தட்டு மெத்தைக்கு மேலே வந்து நிற்கும். நூறு வருஷமாகப் போகிறது, இன்னும் புதுசாகத் தெரிகிறது. ஆனால் நம் வீடுகளில் அது தோற்கிற இடம் ஒன்று இருக்கிறது. இங்கே பாதிப் பேர் வீட்டில் இருப்பது ஹைட்ராலிக் பாக்ஸ் கட்டில், தரை வரைக்கும் பெட்டி. அடிவளையம் எதற்குள் நுழையும்? நுழையாவிட்டால் அந்த மேசையின் சூட்சுமமே போய்விடுகிறது. கால் வைத்த கட்டிலா பெட்டிக் கட்டிலா என்று கேட்காமல் அதை விற்கவே கூடாது என்பேன்.

இத்தாலியில் கார்டெல் நிறுவனத்துக்காக அன்னா காஸ்டெல்லி ஃபெர்ரியேரி 1960-களில் வடிவமைத்த உருளை மேசை இதற்கு நேர்மாறு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பிளாஸ்டிக் வளையங்கள், பக்கவாட்டில் நகரும் கதவு. குறுக்களவு 32 சென்டிமீட்டர்தான், அதாவது 13 அங்குலத்துக்கும் குறைவு. இரண்டு அடுக்கு 40 சென்டிமீட்டர் உயரம், மூன்று அடுக்கு 58.5. தடித்த மெத்தைக்கு மூன்று அடுக்கு, தாழ்ந்த கட்டிலுக்கு இரண்டு அடுக்கு. மூலை இல்லை, இடிக்காது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். நான் மேலே சொன்ன 16 அங்குல இடைவெளிக்கு அளவெடுத்துச் செய்ததைப் போல இருக்கும். ஏரோ சாரினென் 1957-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த ஒற்றைக் கால் மேசைகளும் அப்படித்தான். நாற்காலிக்கும் மேசைக்கும் அடியில் காட்டுக்கணக்கில் கால்கள் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே தண்டாக்கினார். பெருக்கித் துடைக்கிற நம் வீடுகளுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அசல் மேசையின் அடித்தட்டு கனமான வார்ப்பு அலுமினியம். இங்கே கிடைக்கிற பல நகல்களில் அடித்தட்டு மெல்லிய தகடு, மேலே மட்டும் கல். தட்டின் ஒரு ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், மறு ஓரம் தூக்கினால் விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. மரப்பலகையின் ஓரத்தை நேராக அறுக்காமல் அதன் இயல்பான வளைவோடு விட்டுவிடும் ‘லைவ் எட்ஜ்’ மேசைகள் இப்போது பெங்களூரில் எங்கே பார்த்தாலும் இருக்கின்றன. அந்த வகையால் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் இருந்தவர். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டடத்தில் வேலை பார்த்தார், அதற்கு மரச்சாமான்களும் வடிவமைத்தார். அங்கே தங்குபவர் ஒருவருக்கு என்ன தேவையோ அதற்கு மேல் ஒரு சட்டம் கூட இல்லாத சாமான்கள். ‘மினிமல்’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பெயரைத்தான்.

இனி ஒரு கசப்பான விஷயம். ஒயிட்ஃபீல்டில் ஒரு வீட்டில், எங்கள் வேலை முடிந்த பிறகு அவர்களாகவே ஒரு ஷோரூமில் சி வடிவக் குழாய் மேசை வாங்கி வைத்தார்கள், பாட்டி படுக்கும் பக்கம். இரவு எழும்போது பாட்டி பழக்கத்தில் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கிறார். வழுவழுப்பான விட்ரிஃபைடு டைல்ஸ், மேசைக்கு எடை இல்லை, அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, கட்டில் மேலேயே சாய்ந்தார், மணிக்கட்டில் சுளுக்கோடு போயிற்று. விற்றவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், யார் படுக்கிற பக்கம் என்று. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் சைடு டேபிள் ஒரு கைப்பிடியும்தான், அதை யாரும் அப்படி நினைத்து வாங்குவதில்லை. அவர்கள் பக்கத்துக்குச் சக்கரம் வேண்டாம், முக்காலி வேண்டாம், ஒரு பக்கக் கால் வேண்டாம். நான்கு கால்களும் மேற்பலகையின் மூலைக்கு நேர் கீழே இறங்க வேண்டும், மூலைகள் உருட்டப்பட்டிருக்க வேண்டும், காலடியில் ரப்பர் புஷ் இருக்க வேண்டும், முடிந்தால் மேசையைச் சுவரோடு பிணைக்க ஒரு எல் கிளாம்ப் (எல் வடிவத் தகடு). சின்னக் குழந்தைகள் டிராயரைத் திறந்து ஏறும் வீட்டிலும் இதே எல் கிளாம்ப் அவசியம்.

குறட்டைக்கும் மூச்சுத் தடைக்கும் இரவில் முகமூடி இயந்திரம் வைத்துக்கொள்பவர்கள் இப்போது நிறைய. அந்த இயந்திரம் தலை மட்டத்துக்குக் கீழே இருந்தால்தான் குழாயில் சேரும் ஈரம் முகமூடிக்குள் இறங்காது. அதற்கு மேசையில் நடுத்தட்டு ஒன்று திறந்தபடி வேண்டும், பின்பலகையில் ஒயர் போக ஒரு ஓட்டை வேண்டும். இதைக் கேட்டுச் செய்துகொள்ளத் தயங்காதீர்கள்.

ஸ்விட்ச் போர்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பில்டர் வைத்துக் கொடுக்கிற போர்டு எந்தக் கட்டில், எந்த மேசை என்று தெரியாமல் வைக்கப்பட்டது. மேசை உயரமாக வந்து பாதி போர்டை மறைத்துவிட்டால் சார்ஜர் செருக முடியாது, கட்டிலை நகர்த்துகிற வரை போய்விடும். இப்போது கட்டுகிற பல அடுக்குமாடிக் கோபுரங்களில் சுவர் முழுவதும் அலுமினிய ஷட்டரிங்கில் வார்த்த கான்கிரீட், அதில் போர்டை இடம் மாற்ற வெட்டவும் விடமாட்டார்கள். ஆகவே போர்டுதான் நிலையானது, மேசைதான் அதற்கு ஏற்ப மாற வேண்டும். சுவரில் மாட்டுகிற மிதவை மேசை வேண்டும் என்பவர்களும் முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். கான்கிரீட் என்றால் டிரில் போட்டு நல்ல ஆங்கர் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் ஆணி) இறக்கினால் தாங்கும். உள்ளே பொள்ளலான ஹாலோ பிளாக்கோ, காற்றுக் குமிழ் நிறைந்த லேசான ஏஏசி பிளாக்கோ என்றால் அதற்கென்று இருக்கிற ஆங்கர்தான் வேண்டும், சாதாரண பிளக்கும் ஸ்க்ரூவும் சில மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். வாடகை வீடென்றால் பேச்சே இல்லை, நிற்கிற மேசைதான்.

மேற்பரப்புக்கு வருவோம், இங்கேதான் ஆசையும் நடைமுறையும் அதிகம் மோதுகின்றன. நம் சைடு டேபிளில் என்ன இருக்கிறது? தண்ணீர்ச் சொம்பு, வெந்நீர் ஃபிளாஸ்க், தைலம், தேங்காய் எண்ணெய், மாத்திரை டப்பா, கண்ணாடி, போன். பளிங்கு எண்ணெயைக் குடிக்கும், எலுமிச்சை பட்டால் மினுமினுப்பு போய் மங்கும், மறுபடி பாலிஷ் போடாமல் திரும்பாது. கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகைதான், அதற்கும் புளிப்பு ஆகாது. கிரானைட் இந்த எல்லாவற்றையும் தாங்கும். தேவனஹள்ளிப் பக்கத்து சாதரஹள்ளிச் சாம்பல் கிரானைட்டைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றாமல் சொரசொரப்பாகவே விட்டு, தேக்குக் காலின் மேல் வைத்தால் வெளிநாட்டுப் புத்தகத்தில் வந்தது மாதிரி இருக்கும். 16 அங்குலச் சதுரம், இரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்றால் கல் மட்டும் சுமார் ஒன்பது கிலோ வரும். காலும் சட்டமும் அதைத் தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும், மரத்தூளை அழுத்திச் செய்து மைக்கா ஒட்டிய பார்ட்டிகிள் போர்டின் மேல் வைக்கக் கூடாது.

மரம் என்றால் பாலிஷைக் கேளுங்கள். பழைய அரக்குப் பாலிஷ் அழகு, ஆனால் ஈர டம்ளரும் சூடான டம்ளரும் வெள்ளை வளையம் போட்டுவிடும். பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் தண்ணீரையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்குகிறது, மேற்பலகைக்கு மட்டுமாவது அதைப் போடச் சொல்லுங்கள். பிளைவுட்டில் செய்கிறார்கள் என்றால், உலர்ந்த சுவர்ப் பக்கம் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எம்.ஆர். தரம் (ஈரத்தை ஓரளவு தாங்குவது) போதும். குளியலறைச் சுவரை ஒட்டியோ மழையில் ஓதம் ஏறுகிற வெளிச்சுவரை ஒட்டியோ வருகிற மேசைக்கு ஐஎஸ் 710 கேளுங்கள், 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கிற தரம் அது. எதுவானாலும் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி வையுங்கள். பார்ட்டிகிள் போர்டு ஒரு முறை நீர் குடித்து உப்பினால் சரிசெய்யவே முடியாது.

பிரம்பு வலைக் கதவு இப்போது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, எனக்கும்தான். காற்று போகும், கனம் இல்லை, பாட்டி வீட்டு நாற்காலி ஞாபகமும் வரும். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று நன்றாகக் காய்ந்துவிடும், அப்போது வலை இறுகி ஓரத்தில் விண்டுவிடுகிறது. வார்னிஷ் அடிக்காத உள்பக்கத்தை அவ்வப்போது ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். முழுக்க மூங்கிலாலோ பிரம்பாலோ ஆன மேசை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மர மேசைக்கு 18. பில்லைப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, தனித்தன்மை வேண்டும் என்பவர்களுக்கு நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை உங்கள் இணைப்பு ஏன் காட்டுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலக் கல் நான்கு சேர்ந்தால் 16 அங்குலச் சதுர மேற்பலகை, சுற்றிலும் ஒரு மெல்லிய தேக்குச் சட்டம். கண்ணாடி மேல் நிறத்தையும் சிமென்டையும் கையால் ஊற்றிச் செய்வது என்பதால் இரண்டு கல் ஒன்றுபோல் இருக்காது. சூளையில் சுடாத கல், நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும், அதனால் அதைத் தடுக்கும் சீலர் பூசியே தீர வேண்டும், மற்றபடி இதைவிட அழகான மேற்பலகை எனக்குத் தெரியாது. கால்களுக்குச் சென்னபட்டணம் இருக்கிறது, மைசூரு சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கே பொம்மை மட்டும்தான் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிறமூட்டிய அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறுவதையும், அப்புறம் தாழை மடலால் தேய்க்கத் தேய்க்க அந்த மஞ்சளும் சிவப்பும் பளபளவென்று எழுந்து வருவதையும் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். டிராயர் குமிழ், மேசைக் கால், விளக்குத் தண்டு என்று வரைந்து கொடுத்தால் கடைந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அரக்கு சூட்டுக்கு இளகும், ஆகவே அதை மேற்பலகையில் போடாதீர்கள், கால்களிலும் குமிழ்களிலும் போடுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் எம்.ஜி. ரோட்டில் காவேரி எம்போரியத்தில் அந்த வேலைப்பாட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

ரெடிமேட்தான் வேண்டும் என்றால் அதிலும் தப்பில்லை. நாகசந்திரா மெட்ரோ பக்கத்தில் ஐகியா 2022-ல் திறந்த பிறகு ஒரு நல்லது நடந்திருக்கிறது. பொருளின் மேலேயே அகலம், ஆழம், உயரம், என்ன பொருளால் ஆனது என்று எழுதித் தொங்கவிடுகிறார்கள், ஜனங்களும் டேப்போடு போகப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தைச் சிவாஜிநகர்க் கடைக்கும் கொண்டு போங்கள். மெத்தையின் மேல்மட்டம், போர்டின் அடிமட்டம், இருபக்க இடைவெளி என்று இந்த அளவுகளைப் போனில் எழுதிக்கொண்டு போனால் எந்தக் கடைக்காரரும் உங்களைச் சுற்றவிட முடியாது. உங்கள் இணைப்பும் படத்துக்குக் கீழே மேசையின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும், அது என்ன பொருளால் ஆனது என்பதையும் ஒரே வரியில் போட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 14 அங்குல மேசையில் மேசை விளக்கு வைத்தால் பாதி இடம் போய்விடும், சுவர் விளக்கே நல்லது. மேசை விளக்குத்தான் ஆசை என்றால், சாய்ந்து உட்காரும்போது ஷேடின் கீழ்விளிம்பு கண் மட்டத்தில் வருகிற உயரமாகப் பாருங்கள், பல்பு கண்ணைக் குத்தாது.

கடைசியாக, மேசை வீட்டுக்கு வந்து இறங்கும்போது. அட்டையைப் பிரித்ததும் டிராயரை முழுசாக வெளியே எடுங்கள். அடிப்பலகையையும் பின்பலகையையும் பாருங்கள், மேலே ‘சாலிட் ஷீஷம்’ என்று சொல்லி உள்ளே காகிதம் ஒட்டிய எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) வைத்து அனுப்பிய கடையை எனக்குத் தெரியும், டிராயரைக் கழற்றியதால்தான் பிடிபட்டது. டிராயர் ஓடும் சேனல் முழுசாக வெளியே வருகிற டெலஸ்கோப்பிக்கா, பாதி தூரம் மட்டும் வருகிற ரோலரா என்று இழுத்துப் பாருங்கள், ரோலர் என்றால் பின்னால் விழுந்த மாத்திரை அட்டையைத் தேட முடியாது. கழற்றிய டிராயரை மாட்டாமல் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கால் ஸ்க்ரூ மரத்தில் இறங்கியிருக்கிறதா, வெறும் போர்டிலா என்று பாருங்கள். நிமிர்த்தி, கட்டில் பக்கத்தில் வைத்து, நான்கு காலும் தரையில் படுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள், ஒரு காலில் லெவலர் புஷ்ஷைத் திருகினால் சரியாகிவிடும். சேமிப்பு மரச்சாமான்களுக்கு ஐஎஸ் 17634 என்று ஒரு தர நிர்ணயம் இருக்கிறது, உங்கள் மேசை அதன்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பில்லில் ‘சைடு டேபிள் - 1’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த மரம் அல்லது எந்த போர்டு, என்ன பாலிஷ், என்ன சேனல் என்று எழுதச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
ஹலசூரு, பெங்களூரு